சத்தமிடும் பெட்டி ஹராம், சத்தமில்லாத கைப்பேசி ஹலாலா?



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எங்களை மஹல்லாவின் பெரியவர் ஒருவர் அழைத்து நிறுத்தினார். "என்ன தம்பி, வீட்டையே கிளப்பாக்கிட்டீங்களாமே? சாயங்காலம் ஆனா ஜன்னல் வழியா ஒரே கூச்சலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குறிப்பிட்டது, தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையே உள்ள எங்கள் வீட்டின் கூடத்தில் நிற்கும் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை. எங்கள் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அஸருக்குப் பின் அதன் முன்னே வரிசையாக நின்று ஆடுவார்கள். ஒருவன் தோற்றால் ஐந்து பேர் கத்துவார்கள். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டது உண்மை.

அதே தெருவில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். வயது 16. அவன் வீட்டில் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. "இருக்குற இடமே தெரியாது, எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்று அவனைப் பற்றிச் சொன்னதும் அதே பெரியவர்தான். அந்த அடக்கமான பிள்ளை நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு பணம் கட்டி ஆடும் விளையாட்டு ஒன்றில் சிக்கியிருந்தான். அக்காவின் நிக்காஹ்வுக்காக உம்மா தம் கணக்கில் சேர்த்து வைத்திருந்த தொகையிலிருந்து ஐந்நூறும் ஆயிரமுமாக 41,000 ரூபாய் போய்விட்டது. உம்மா வங்கிக்குச் சென்று பாஸ்புக்கைப் பதிந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு பல வாரங்கள் அவன் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. பெரியவர்களின் முகத்தில் விழிக்க அவனுக்கு வெட்கம்.

இந்த இரண்டு வீடுகளில் கண்டனம் வந்து சேர்ந்தது எங்கள் வீட்டுக்கு. பெரியவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அவருடைய கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் சமுதாயத்தில் பலர் ஹராமைக் காதால் தேடுகிறார்கள். கூச்சல் கேட்டால் அங்கே பாவம் நடக்கிறது; அமைதியாக இருந்தால் அங்கே ஒழுக்கம் இருக்கிறது. இந்தக் கணக்கு தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எது அந்தப் பெட்டி?

வயது நாற்பதைத் தொட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆளுயரப் பலகைப் பெட்டி. கண் மட்டத்தில் பழைய தொலைக்காட்சியில் இருந்தது போன்ற பிக்சர் டியூப். இடுப்பு உயரத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்கும் சில பொத்தான்களும். அதன் கீழே காசு போடும் துளை. 1972இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் ‘பாங்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தையும், 1980இல் நாம்கோ நிறுவனம் ‘பேக்-மேன்’ ஆட்டத்தையும் வெளியிட்டன. 1985இல் ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றுகூடி ‘ஜாம்மா’ என்ற பொது இணைப்பு முறையை வகுத்தன. 56 முனைகள் கொண்ட அந்த இணைப்பில் மின்சாரம், படம், ஒலி, பொத்தான்கள் எல்லாமே அடங்கிவிடும். ஆகவே ஒரு பெட்டியிலிருந்து ஒரு விளையாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். முப்பது ஆண்டு பழைய பெட்டி இன்றும் உயிரோடு இருக்க முடிவது இதனால்தான்.

மின்னணு விளையாட்டு என்பது வடசென்னை முஸ்லிம்களுக்கு அந்நியமான பொருளும் அன்று. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காகத் துறைமுகத்தின் எதிரே, ராஜாஜி சாலையில் எழுந்த பர்மா பஜாரில் நம் மக்கள் பலர் கடை வைத்திருந்தார்கள். கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், வீடியோ கேசட் ஆகியவற்றோடு, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கேம் பெட்டிகளும் அந்தக் கடைகளின் வழியாகத்தான் இந்நகரத்துப் பிள்ளைகளின் கைகளுக்கு வந்தன. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளோ கேம் கடைகளில் இருந்தன. இருட்டறை, சிகரெட் புகை, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள், தோற்றவன் ஜெயித்தவனுக்குப் பணம் தரும் பந்தயம் ஆகியவை அங்கே உண்டு. நம் வாப்பாமார்கள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று நம்மை அடித்ததில் நியாயம் இருந்தது. அதை மறுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

ஆனால் அவர்கள் வெறுத்தது அந்தப் பெட்டியையா, அல்லது அது நின்ற இடத்தையும் அங்கே நடந்தவற்றையுமா? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே நாம் முப்பது ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்.

மார்க்கம் எதைத் தடுத்தது?

அல்குர்ஆனின் 5:90, 91 ஆகிய வசனங்கள் மதுவோடும் சிலைகளோடும் சேர்த்துச் சூதாட்டத்தைத் தடுக்கின்றன. அவ்வசனங்கள் தடையோடு நிற்காமல் காரணத்தையும் சொல்கின்றன. மனிதர்களிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுவது ஒன்று. அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் திருப்புவது மற்றொன்று. பகடை உருட்டி ஆடும் நர்து விளையாட்டை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது.

அதே நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு காட்டியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை நின்று பார்க்க இடம் கொடுத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த ஒரு குதிரையைக் கண்டு, குதிரைக்கு இறக்கையா என்று வியந்து கேட்டு, வந்த பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். விளையாட்டைக் கண்டாலே முகம் சுளிப்பதுதான் மார்க்கப் பற்று என்று எண்ணுகிறவர்கள் இந்த நிகழ்வுகளை எங்கே வைக்கப் போகிறார்கள்?

"மனிதன் ஆடும் ஆட்டம் எல்லாம் வீணானது, மூன்றைத் தவிர" என்ற கருத்துடைய ஹதீஸை உடனே நமக்கு எடுத்துக் காட்டுவார்கள். அம்பெய்தல், குதிரையைப் பழக்குதல், குடும்பத்தாரோடு விளையாடுதல் ஆகியவையே அந்த மூன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதை விளக்கும்போது, ‘வீணானது’ என்ற சொல் பயனில்லாதது என்ற பொருளைத் தருமே அன்றி ஹராம் என்ற பொருளைத் தராது என்று எழுதினார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். விலக்களிக்கப்பட்ட மூன்றில் மூன்றாவதைப் படித்துப் பாருங்கள். குடும்பத்தாரோடு விளையாடுவது. நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றாவதைச் செய்கிறோம்? பயான் முடிந்து வீட்டுக்குப் போனதும் வாப்பா ஒரு கைப்பேசியோடும், உம்மா ஒரு கைப்பேசியோடும், பிள்ளைகள் ஆளுக்கொன்றோடும் ஒதுங்குகின்ற வீடுகளில் அந்த ஹதீஸைச் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது?

நம் கடலோர ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் சதுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது நிதானமாகப் பேசினார்கள். பந்தயம் இருந்தால் ஹராம். தொழுகை தவறினால் ஹராம். இவை இல்லாவிட்டால் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது என்பதே அவர்களின் பிரபலமான நிலை. ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது, ஆட்டத்தால் என்ன விளைகிறது என்று பார்த்து அவர்கள் சட்டம் சொன்னார்கள். நாமோ ஜன்னலுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

காசுத் துளையின் கதை

இந்தப் பெட்டி காசு தின்பதற்கென்றே பிறந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. விளையாட்டுப் பலகையில் சின்னஞ்சிறு ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு காசுக்கு எத்தனை உயிர், ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரர் அந்த ஸ்விட்சுகளைத் தள்ளித்தான் தீர்மானிப்பார். பையன் சீக்கிரம் தோற்றால் அடுத்த காசு சீக்கிரம் விழும்.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காசுக்கு ஈடாகக் கிடைப்பது ஆட்டம் மட்டுமே. பொருட்காட்சியில் ராட்டினத்துக்குக் கொடுக்கும் காசைப் போல அது ஒரு வாடகை. ஜெயித்தாலும் பெட்டி பணம் தராது. பெயரின் மூன்று எழுத்தைத் திரையில் பதிய விடும், அவ்வளவுதான். சூது அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதன் முன் நின்ற பையன்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டியபோதுதான் சூது உள்ளே வந்தது.

பல பலகைகளில் அந்தச் சிறு ஸ்விட்சுகளுள் ஒன்று காசு இல்லாமலே ஆட விடுவதற்கானது. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்ததும் நாங்கள் முதலில் தள்ளியது அந்த ஸ்விட்சைத்தான். காசு விழும் டப்பாவில் இப்போது ஸ்க்ரூடிரைவரும் மாற்று ஃப்யூஸ்களும் கிடக்கின்றன.

கைப்பேசியில் அப்படி ஒரு ஸ்விட்ச் உண்டா? அங்கே ஆட்டம் இலவசம் என்று அழைப்பார்கள். உள்ளே போன பின் மூடிய பெட்டி ஒன்றைக் காட்டி, பணம் கட்டித் திறந்து பார் என்பார்கள். உள்ளே அரிய ஆயுதம் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத சட்டையும் இருக்கலாம். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணத்தை வைத்து அதிர்ஷ்டத்தைப் பார்ப்பதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் என்ன பெயர் என்பதை மதரஸா மாணவன்கூடச் சொல்லிவிடுவான். 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், அத்தகைய பெட்டிகள் சில பிரபல விளையாட்டுகளில் சூதாட்டமாகவே இருக்கின்றன என்று அறிவித்தது. அங்குள்ள அதிகாரிகளுக்குத் தெரிந்தது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் போனது ஏன்?

நேரடியான பண விளையாட்டின் கதை நாம் அறிந்ததே. நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் தமிழக அரசு குழு அமைத்தது. சட்டமன்றம் அதே ஆண்டில் சட்டமியற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023இல் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் சட்டம் வந்துவிட்டதென்று சூதாடுகிறவன் வழி தேடாமல் இருப்பதில்லை. அந்த ஆண்டுகள் முழுவதும் நாட்டில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, எத்தனை மிம்பர்களில் இது பேசப்பட்டது? 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கான தடையைப் பெற்றுக்கொண்ட சமுதாயம் முதல் குரலாக ஒலித்திருக்க வேண்டாமா?

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்டியின் ஆட்டத்துக்கு முடிவு இருக்கிறது. மூன்று உயிர் போனால் விலக வேண்டும். அடுத்தவன் பின்னால் நிற்கிறான். கைப்பேசி ஆட்டத்துக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. ‘போதும்’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத இடத்தில்தான் எங்கள் உறவுக்காரப் பையன் சிக்கினான்.

வெளியே போய் விளையாடச் சொல்லுங்கள்!

"பிள்ளைகள் வீட்டுக்குள் பெட்டியின் முன் நிற்பதா? வெளியே போய் ஓடியாடச் சொல்லுங்கள்" என்ற அறிவுரையும் எங்களுக்குக் கிடைத்தது. நல்ல அறிவுரை. எந்த வெளியே என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டிப் பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல யாருக்குத் துணிவு இருக்கிறது? கடற்கரையின் பெரும்பகுதி இன்று அலைதடுப்புக் கற்களாகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையங்களின் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. அதே மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, எண்ணூர் மக்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நகரத்தின் பிற பகுதிகளுக்கு மின்சாரமும் எரிபொருளும் சரக்கும் தந்துவிட்டு, தன் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடலைத் தர முடியாமல் நிற்கிறது நம் பகுதி. திடல் கேட்டுப் போராடுவது நம் கடமை. திடல் வரும் வரை பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு விடை சொல்வதும் நம் கடமை. நாம் விடை சொல்லாததால் கைப்பேசி சொல்லிவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை

அன்றைய கேம் கடைகளுக்குள் நம் வீட்டுப் பெண்கள் யாரும் நுழைந்ததில்லை. நுழையக்கூடிய இடமாகவும் அவை இல்லை. இன்று எங்கள் கூடத்தில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். பேக்-மேனில் இதுவரை அதிக மதிப்பெண் எடுத்தது எங்கள் அண்ணன் மகள். அறுபதைத் தாண்டிய எங்கள் உம்மா முதல் வாரம் தலையில் அடித்துக்கொண்டார்கள், மூன்றாம் வாரம், "அந்தப் பேய் வரும்போது எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பேக்-மேனை வடிவமைத்த தோரு இவதானி, ஆண்களால் நிரம்பியிருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்பதற்காகவே அப்படியோர் ஆட்டத்தை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எண்ணம் வடசென்னையில் நிறைவேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இங்கே கேரம் பலகையின் கதையை நினைவூட்டுவது பொருத்தம். வடசென்னையின் கேரம் கிளப்புகளை நாம் எப்படிப் பேசினோம்? வேலைவெட்டி இல்லாதவர்களின் இடம், பந்தயம் நடக்கும் இடம் என்று பேசினோம். அதே வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகளான நம் சமுதாயப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். அன்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் மாஷா அல்லாஹ் என்று பொழிந்தோம். அந்தப் பெண்ணின் விரல் அந்தப் பலகையில் பழகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், தம் மகளுக்கு ஒரு கேரம் பலகை வாங்கிக் கொடுத்த வாப்பாவை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். பதக்கம் வந்தால் பெருமை, பலகை வந்தால் கண்டனம் என்பது நேர்மையான நிலை அன்று.

பெட்டியை வீட்டில் வைப்போருக்கு

எங்கள் வாதத்தை ஏற்று யாரேனும் பெட்டி தேடிப் புறப்பட்டால், சில செய்திகளைச் சொல்லிவிடுவது எங்கள் பொறுப்பு.

எங்கள் பெட்டி கிடைத்தது ஒரு காயலான் கடையில். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்று சொல்வார்கள். ஆகவே அங்கே பேரம் பேசவும் நமக்கு உரிமை உண்டு. பெட்டியும் பழுது பார்த்த செலவும் சேர்ந்து நடுத்தரமான ஒரு கைப்பேசியின் விலையைத் தொடவில்லை.

முதல் எச்சரிக்கை, பிக்சர் டியூப். ஆடும்போது அதற்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும்; ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டி.வி. வேலை தெரிந்த மெக்கானிக் அல்லாத எவரும் பின்கதவைத் திறக்கக்கூடாது. எங்கள் பகுதியில் அந்த வேலையை விட்டுவிட்டுக் கைப்பேசிக் கவர் விற்றுக்கொண்டிருந்த மூத்த மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்து வந்தோம். இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி, உப்பியிருந்த கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதியவற்றைப் பற்றவைத்து, மூன்றாம் நாள் அவர் திரையில் வண்ணத்தை வரவழைத்தபோது, அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைக் கைப்பேசிக் கவர் தந்திருக்காது. டியூபின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். உடைந்த டியூபைப் பிள்ளைகள் தொடவும் கூடாது, குப்பையில் வீசவும் கூடாது.

இரண்டாவது, நம் கடற்காற்று. பலகையின் இணைப்பு முனைகளில் உப்பு படிந்து பச்சை பூத்துவிடும். திரை நடுங்கினாலோ பொத்தான் வேலை செய்யாவிட்டாலோ பலகை செத்துவிட்டதென்று எண்ண வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பலகையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, ஐ.பி.ஏ. திரவத்தால் துடைத்தாலே பாதி நோய் தீரும். ஆட்டம் நடுவில் தானாகவே முதலிலிருந்து தொடங்கினால், பலகைக்கு வர வேண்டிய 5 வோல்ட் குறைகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பெட்டிகள் பல, 100 அல்லது 110 வோல்ட் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகும் முன் உள்ளே என்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீட்டுச் சட்டம். எங்கள் பெட்டியின் ஸ்விட்ச் பாங்கு சொன்னதும் அணைக்கப்படும். மதிப்பெண் எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் சரி. மக்ரிபுக்குப் பின் ஓதலும் பாடமும், பெட்டி மறுநாள்தான். ஒருவருக்கு ஒரு முறை, மூன்று உயிர். பந்தயம் அறவே இல்லை. "தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும்" என்று ஒரு நாள் பையன்கள் தொடங்கினார்கள். அதுவும் பந்தயம்தான் என்று உட்கார வைத்துச் சொன்னோம். சூது என்றால் என்ன என்பதை அவர்கள் புத்தகத்தில் படித்ததைவிட அந்தப் பரோட்டாவில் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

எழும் கேள்விகள்

இது இஸ்ராஃப், வீண்விரயம் இல்லையா? லட்சங்களைக் கொட்டிப் பத்துப் பெட்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துப் போடுகிறவரிடம் இந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள். ஒரு தெருவின் பிள்ளைகள் பங்கிட்டு ஆடும் ஒரு பெட்டியிடமும், ஆண்டுக்கொரு முறை மாற்றும் கைப்பேசியிடமும் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

திரையில் உருவங்கள் வருகின்றனவே? ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது. இரத்தமும் அரைகுறை ஆடையும் உள்ள ஆட்டங்கள் அந்தக் காலத்திலும் உண்டு. அந்தப் பலகைகளை நாங்கள் வாங்கவில்லை. விழும் கட்டங்களை அடுக்குவது, புதிர்ப்பாதையில் ஓடுவது போன்றவை போதும். உருவங்கள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தயக்கமுள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும்.

பெட்டி வந்தால் கைப்பேசி போய்விடுமா? போகாது. அப்படி வாக்களித்தால் பொய்யாகிவிடும். எங்கள் பிள்ளைகளும் கைப்பேசி கேட்கிறார்கள். ஆனால் வாப்பா அவர்களோடு ஆடத் தெரிந்த ஓர் ஆட்டம் இப்போது வீட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வரும் வாப்பா, தாம் சிறுவயதில் அடி வாங்கிக்கொண்டு கற்ற வித்தையை மகனுக்குக் காட்டும்போது, இருவருக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கிறது. மகன் எதில் ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்பது வாப்பாவுக்குத் தெரிகிறது.

அந்த உறவுக்காரப் பையன் இப்போது சில மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறான். முதலில் சுவரோரம் நின்றான். பிறகு வரிசையில் நின்றான். குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டோம். பணத்தை மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உம்மாவிடம் திருப்பித் தருவதற்காக விடுமுறை நாட்களில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் ஆட்டத்தின் நடுவில் மக்ரிப் பாங்கு கேட்டது. ஸ்விட்சை அணைத்தது அவன்தான்.

ஜமாஅத்துகளிடம் ஒரு கோரிக்கை

நம் மஹல்லா நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, கைப்பேசியில் நடக்கும் சூதைப் பற்றி அதன் பெயரைச் சொல்லி ஜும்ஆவில் பேசுங்கள். அதில் சிக்கிய பிள்ளை வந்து சொன்னால் அவன் மானம் காக்கப்படும் என்ற உறுதியையும் அதே மிம்பரிலிருந்து கொடுங்கள். இரண்டாவது, நிக்காஹ் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் ஷாதி மஹால்களில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே இரண்டு கேரம் பலகைகளையாவது போடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நாட்கள் ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு பழைய பெட்டியையும் நிறுத்துங்கள். அதைச் சரிசெய்து தர எங்கள் மெக்கானிக் பாயும் நாங்களும் வருகிறோம். மூன்றாவது, ஒரு வீட்டிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டால், கண்டிப்பதற்கு முன் ஒரு முறை உள்ளே வந்து பாருங்கள்.

எங்களை நிறுத்திக் கேட்ட அந்தப் பெரியவரையும் வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். தேநீர் தருவோம். வரிசையில் நிற்க அவர் சம்மதித்தால், மூன்று உயிரும் தருவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை வெளிப்படையான தீமையிலிருந்தும் மறைவான தீமையிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.